கட்டை விரலில் ஒரு கோடு, ஒரு புள்ளி

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவன். அதுவும் பெரிய உண்மை ஒன்றுமில்லை, நகம் வளர்வதைப் பற்றிய உண்மை.

தொண்ணூற்றேழாம் வருஷம். தெரணியகலைக்கு மேலே, பாதி ரப்பரும் பாதித் தேயிலையுமாக இருந்தது எங்கள் தோட்டம். ‘எங்கள்’ என்று எழுதக் கை வருகிறது, பழக்கதோஷம். அங்கே எங்களுக்கென்று இருந்தது வரிசை வீட்டில் ஓர் அறை, ஒரு லயத்துக் காம்பரா மட்டும்தான். அதுவும் வீட்டில் இளவட்டமாக ஒரு ஆள் தோட்டத்து வேலைக்குப் போகிற வரைக்கும்தான். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்தாள், ஆனால் அவளுக்கு வேலை விட்டு நிற்கிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கையைக் கட்டிய மச்சான் எங்களோடேயே இருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நானும் அவரும் ஒரே வயது, நகமும் சதையுமாக இருந்தோம்.

நான் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்று நின்றவன். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிய திமிர் என்று கணக்கப்பிள்ளை சொல்வார். திமிர்தான். பேர் பதிந்தவன் பிறகு வெளியே போய் நான் பார்த்ததில்லை. புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தது. தெரணியகலை பஜாரில் கடை போட்டிருந்த ஒருவருடைய சொந்தக்காரர்தான் முதலாளி. சாப்பாடு, படுக்க இடம், மாசத்துக்கு ஒரு சம்பளம். மாசம் பிறந்ததும் வரச் சொல்லியிருந்தார். எனக்கு இருந்த ஒரே வாசல் அது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் டாக்டர் மிஸ் தோட்டத்துக்கு வந்திருந்தார். கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பெண், இளவயது. தமிழைக் கல்லில் கால் வைத்து ஆறு கடப்பதுபோலப் பேசுவார். நல்ல சாப்பாடு இல்லாதவர்களுக்கும் இரத்தம் குறைந்தவர்களுக்கும் நகம் மெதுவாக வளர்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து இதைச் சொன்னபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“வயித்தால போயி புள்ளைங்க சுருண்டு கெடந்தப்ப ஒருத்தரையும் காணோம். நகத்துக்கு டாக்டரு வந்திருக்காக” என்று ஒருத்தி சொன்னாள். டாக்டர் மிஸ்ஸுக்கு அது விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டார்.

முதலில் நகத்தை வெட்டித் தரச் சொன்னார். அங்கேதான் தகராறு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள். எங்கள் லயத்தில் லட்சுமி தங்கியிருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை, ஆனாலும் விரட்டுகிற பாவம் நமக்கு வேண்டாமே. அது போக, வெட்டிய நகத்தை வேற்றாளிடம் கொடுப்பதாவது? முடியும் நகமும் கிடைத்தால் செய்வினைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? கிழமை எதுவானாலும் நகம் தர முடியாது என்று பெண்கள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் மிஸ் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப வெட்ட வேண்டாம். கீறுறேன். ஒண்ணும் எடுத்துப் போக மாட்டேன்” என்றார். எடுத்துப் போகாத வரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இடது கட்டை விரல் நகத்தின் அடியில், வெள்ளைப் பிறை முடிகிற இடத்தில், சின்ன அரத்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேல் ஒரு புள்ளி. கால் பெருவிரல் நகத்திலும் அதே மாதிரி. நகம் வளர வளரக் கோடு மேலே ஏறும், மாசாமாசம் வந்து அளந்துகொள்வேன் என்றார். கை நகத்துக் கோடு ஐந்தாறு மாசத்தில் நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும். கால் நகம் சோம்பேறி, அதற்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். ஆளுக்கு ஒரு சவர்க்காரக் கட்டியும் துவாய்த் துண்டும் கொடுத்தார். லயம் முழுக்கக் கோடும் புள்ளியுமாக நடமாடியது.

மாசம் பிறந்தது. நான் பெட்டியைக் கட்டினேன். தங்கைக்கு அப்போது ஏழு மாசம். பிறக்கப் போகிற பிள்ளைக்குக் கொழும்பில் துணி மலிவாக வாங்கலாம் என்று மச்சானும் துணைக்கு வந்தார். காலை பஸ்ஸில் ஏறினோம்.

வழியில் செக்பொயின்ட். எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அந்த ஸ்டேஷன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நான் அடையாள அட்டையை இடது கையில் பிடித்து நீட்டினேன். பொலிஸ்காரர் அட்டையைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தார். பின்னால் நின்ற மச்சானின் விரலையும் பார்த்தார். அதே கோடு, அதே புள்ளி.

“மொகத மே?” என்றார். என்ன இது என்று கேட்கிறார்.

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு மட்டும் அது வராமல் இருந்திருக்கலாம். நகம் வளருதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து டாக்டர் வந்து கீறியது என்று தெளிவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என் சட்டைக் கொலரைப் பிடித்தார்.

ஜீப்பில் ஏற்றும்போது தள்ளிய வேகத்தில் மச்சானின் இடது கட்டை விரல் கதவில் மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. ஸ்டேஷனில் செருப்பையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லிக் கம்பிக் கூட்டில் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் அப்படி உள்ளே போன தமிழ்ப் பையன் எப்போது வெளியே வருவான் என்று யாரும் சொல்ல முடியாது. கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்பார்கள், கொழும்பில் கேட்டால் வரவில்லை என்பார்கள். மச்சான் விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

சார்ஜன்ட் நடுத்தர வயசுக்காரர். கை நீட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நாற்காலியைக் கூட்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்.

“உங்க தோட்டத்துல சனத்துக்கு வயித்தால போனா டாக்டர் வர்றாரா?”

“இல்ல மாத்தயா.”

“நகத்துக்கு வந்தாரு?”

“ஆமா மாத்தயா.”

“நீயே நம்புவியா இத?”

என்னாலேயே நம்ப முடியவில்லை. லயத்துப் பெண்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார். உள்ளதைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போனது. இது புலிகள் தங்கள் ஆட்களுக்குப் போட்டுவிடும் அடையாளம் என்பது அவர் முடிவு. அவருக்குத் தெரியாதது இன்னொன்று இருந்தது. என் கால் பெருவிரலில் இரண்டாவது அடையாளம். கூட்டில் இருந்த நேரமெல்லாம் இடது காலை வலது காலால் மறைத்துக்கொண்டே நின்றேன். மச்சானின் காலில் ரப்பர் பால் கறை கறுப்பாக அப்பியிருந்ததால் அது தப்பியது.

“தோட்டத்துக்குப் போய்ப் பாருங்க மாத்தயா. லயம் பூரா இந்தக் கோடு இருக்கு” என்றேன். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய் அது குரங்காக முடிந்தது. எங்களைப் பிடித்த செய்தி பஸ் கண்டக்டர் மூலம் பொலிஸுக்கு முன்பே லயத்துக்குப் போய்விட்டது. நகத்தில் கோடு இருந்தால் பிடிக்கிறார்கள் என்று கேட்டதும், பால் கத்தி தீட்டுகிற சாணைக்கல்லை எடுத்து வைத்து வரிசையாகத் தேய்த்திருக்கிறார்கள். கல் கிடைக்காதவர்கள் செங்கல்லில் தேய்த்தார்கள். பிள்ளைகளுக்குத் தாய்மார் தேய்த்துவிட்டார்கள். மறுநாள் பொலிஸ் போனபோது ஒரு விரலிலும் கோடு இல்லை, சில விரல்களில் நகமே பாதிதான் இருந்தது. டாக்டர் யாரும் வரவில்லை என்றே சிலர் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் தேய்த்திருந்தாள். “ஒன் நல்லதுக்குன்னுதான்டா தேச்சேன். நம்மகிட்ட இல்லாட்டி ஒன்ன விட்டுருவாங்கன்னு நெனச்சேன்” என்று பிறகு அழுதாள். அவளை என்ன சொல்வது?

இலங்கை முழுவதிலும் அந்தக் கோட்டோடு நானும் மச்சானும் மட்டும் மிச்சம்.

எங்களைக் காப்பாற்றியது தங்கை. ஏழு மாச வயிற்றோடு தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு ஏன் வம்பு” என்று நழுவிய டிஸ்பென்சர் ஐயா கடைசியில் ஆபீஸ் போனில் கொழும்புக்குப் பேசினார். அடுத்த நாள் டாக்டர் மிஸ் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? கம்பிக்குள் கையை விட்டு என் விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். “நல்ல காலம், அழியவில்லை” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதற்குப் பிறகு சார்ஜன்ட்டிடம் அவர் பேசிய பேச்சு, நம் ஆள் ஒருவருக்காக அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிறை, கோடு, புள்ளி, வளர்ச்சி என்று எல்லாவற்றையும் விளக்கினார். “கையில் மட்டுமில்லை...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை அசைக்கக்கூட இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான். “...கையில் வளர்வதைத்தான் பார்க்கிறோம்” என்று முடித்தார். அந்த நிமிஷத்தில் அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது.

சார்ஜன்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இவர் கெட்டிக்காரர், அதுதான் என் தலைவிதி.

“ஹரி, சரி மிஸ். நீங்க சொல்றது நெசம்னா இந்தக் கோடு தானா மேல ஏறும். ஏறி ஒரு நாள் போயிடும். இல்லையா?”

“ஆமா.”

“அப்ப பாத்துருவோம். ஏறினா நான் நம்புறேன்.”

தீர்ப்பு அதுதான். கூட்டிலிருந்து விடுவார். ஆனால் கோடு தானாக நுனிக்கு வந்து போகிற வரைக்கும் நான் தோட்டத்தை விட்டு வெளியூர் போகக் கூடாது. சனிக்கிழமை தோறும் ஸ்டேஷனுக்கு வந்து விரலைக் காட்ட வேண்டும். கோட்டைத் தேய்த்தால் சாட்சியை அழித்ததாக எடுத்து உள்ளே போடுவார். மச்சானின் நகம் ஜீப் கதவு கடித்ததில் கறுத்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தார், கதவு யாருடையது என்று அவருக்குத் தெரியும். “இதில் பார்க்க ஒன்றுமில்லை” என்று விட்டுவிட்டார். வெளியே வந்ததும் டாக்டர் மிஸ்ஸும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லோரும் அழித்துவிட்டார்கள், உங்களுடையது ஒன்றுதான் மிச்சம், தயவுசெய்து பாதுகாத்து வையுங்கள் என்றார்.

ஆக, பொலிஸுக்கும் என் நகம் வேண்டும், ஆராய்ச்சிக்கும் என் நகம் வேண்டும். நகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நான் ஒருவருக்கும் வேண்டாம்.

ரெண்டு வாரத்தில் மச்சானின் நகம் கழன்று விழுந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தக் கதவு என் விரலைக் கடித்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்தேன். கல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடுகிற கோடு, நகத்தால் கிள்ளி எறியலாம் என்பார்களே, அத்தனை சின்ன விஷயம். அதைத் தொட முடியாமல் வாசலில் உட்கார்ந்து கொழும்பு பஸ் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி ஆள் விட்டுக் கேட்டார். இன்னும் ஒரு வாரம்தான் பார்ப்பேன், பிறகு வேறு பையனைப் போட்டுக்கொள்வேன் என்றார். பொலிஸ் கதையை அவரிடம் சொல்ல முடியாது, சொன்னால் அந்த வாசலும் அடைபட்டுவிடும். நான்தான் மச்சானிடம் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

“நீங்க போங்க மச்சான். எடத்தப் புடிச்சு வைங்க. எனக்குச் சொகமில்லன்னு சொல்லிருங்க. இந்தக் கருமம் போனதும் நான் வந்துர்றேன்.”

“நீங்க வர்ற வரைக்கும்தான்” என்றார் மச்சான். மனசாரத்தான் சொன்னார்.

அவர் போன மறுநாள் கணக்கப்பிள்ளை வாசலில் நின்றார். வெட்டாத மரம் கிடக்கிறது, வேலைக்கு இளவட்டம் இல்லாத வீட்டுக்குக் காம்பரா எதற்கு என்று கேட்டார். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றாள். எட்டு மாசம். நான் சுவரில் தொங்கிய மச்சானின் பால் கத்தியை எடுத்தேன். “அவரு வர்ற வரைக்கும்தான்” என்றேன். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே பேரைப் பதிந்துகொண்டு போனார்.

விடியக் காலை ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டு, பிறகு மரம். கத்தி பிடிக்கத் தெரியாமல் முதல் வாரம் பட்டையை ஆழமாக வெட்டி ஏச்சு வாங்கினேன். விரலில் படிகிற பால் நகத்துக் கோட்டில் ஏறி உறைந்து கறுத்தது. முன்பு உற்றுப் பார்த்தால்தான் தெரியும், இப்போது பத்தடி தூரத்திலேயே தெரிந்தது. லயத்து ஆட்கள் என் கையைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. அவர்களுடைய இடத்தில் நானும் தேய்த்திருப்பேன் என்பதும் தெரியும். அதனால் ஆத்திரம் குறையவில்லை.

சனிக்கிழமைகளில் சார்ஜன்ட் மேசை லாச்சியிலிருந்து அடிமட்டத்தை எடுத்துப் பிறையின் ஓரத்திலிருந்து கோடு வரைக்கும் அளப்பார். முதலில் சந்தேகத்தோடு அளந்தார். கோடு நகரத் தொடங்கியதும் ஆசையாக அளந்தார். டாக்டர் மிஸ் வருகிற மாசங்களில் சார்ஜன்ட் முந்திக்கொண்டு தன் அளவைச் சொல்லுவார். ஒரு சனிக்கிழமை போனபோது தன் இடது கையை மேசையில் வைத்துக் காட்டினார். அவருடைய கட்டை விரல் நகத்தில் கோடும் புள்ளியும்!

“சும்மா போட்டுப் பாத்தேன். என்னோடது ஒன்னோடதவிட வேகமாப் போகுது” என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

வேகமாகத்தான் போனது. அவர் வீட்டுச் சாப்பாடு அப்படி. அந்தக் கையோடு அவர் சந்தைக்குப் போனார், பன்சலைக்குக் கும்பிடப் போனார், பஸ்ஸில் கொழும்புக்கும் போய் வந்தார். அவரை யாரும் இறக்கவில்லை. வயிறு எரிந்தது எனக்கு, ஆனாலும் “ஆமா மாத்தயா” என்று சிரித்து வைத்தேன்.

நடுவில் தங்கைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மச்சான் ஒரு நாள் லீவில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மெலிவு போய் முகம் தெளிந்திருந்தது. “முதலாளி நல்ல மனுசன், மச்சான்” என்றார். நான் எப்போது வருகிறேன் என்று கேட்டார். கேட்டார்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. “இன்னும் இவ்வளவுதான்” என்று விரலைக் காட்டினேன்.

கடைசியில் கோடு நுனிக்கு வந்தது. நானே வெட்டக் கூடாது என்று சார்ஜன்ட் சொல்லியிருந்ததால் ஸ்டேஷனில் வைத்து, அவருடைய நகவெட்டியால், அவரே வெட்டினார். டாக்டர் மிஸ்ஸும் அன்றைக்கு வந்திருந்தார். உங்கள் ஆராய்ச்சிக்கு இது உதவுமா என்று அவரிடம் கேட்டேன்.

“ஒருத்தர் நகத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார் மெதுவாக. “நிப்பாட்டியாச்சு. ஏற்கெனவே நிப்பாட்டியாச்சு.”

அப்படியானால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தாலும், கோட்டைத் தொட்டால் சார்ஜன்ட் உள்ளே போடுவாரே. சார்ஜன்ட் என் தோளில் தட்டி, “நீ சொன்னது நெசம்தான். இனி எங்க வேணும்னாலும் போ” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு பஸ் ஏறினேன். செக்பொயின்ட்டில் இறக்கினார்கள், அட்டையை இடது கையிலேயே நீட்டினேன், ஒன்றும் கேட்காமல் விட்டார்கள். புறக்கோட்டையில் விசாரித்துக்கொண்டு போனால் கடை அடைத்திருந்தது. மச்சான் பின்பக்கம் ஆணிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

“நேத்துத்தான் முதலாளி சொன்னாரு. மேல ஒரு ரூம் சும்மா கெடக்குதாம், புள்ளையையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வந்து இருந்துக்கன்னாரு. தோட்டத்துல கெடந்து புள்ள என்ன படிக்கப் போகுது, சொல்லுங்க? இங்கன்னா கான்வென்ட்டே இருக்கு. இன்னைக்கு லெட்டர் எழுதணும்னு நெனச்சேன், நீங்களே வந்துட்டீங்க.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க?”

அவர் மேல் கோபம் வரவில்லை என்றால் அது பொய். என் இடம் அது. என் வாசல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மச்சான் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பியிருப்பார், அப்படிப்பட்ட மனுஷன். அவரோடு என் தங்கையும் அந்தப் பிள்ளையும் அதே காம்பராவில், அதே கதவுக்குப் பின்னால்.

“ஒண்ணுமில்ல மச்சான்” என்றேன். “நகம் வெட்டியாச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் சந்தோஷப்பட்டார். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எனக்கு மறுநாள் காலையில் பெரட்டு இருந்தது. பின்னேர பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.